மிக்சர் திருகாணியைத் தேடாதீர்கள்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலிருந்து ஒரகடம் வரை சாலையோரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் இது: "அண்ணே, பெட்ரோல் ரொம்பக் குடிக்குது, மிக்சரைக் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக் குடுங்க." கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இது நியாயமான வேண்டுகோள். ஐடிலிங் சத்தத்தைக் கேட்டபடியே, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் திருகாணியை அரைச் சுற்று திருப்பினால் வேலை முடிந்துவிடும். ஆனால் 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் விற்ற மோட்டார் சைக்கிள்கள், மிகச் சில மாடல்கள் நீங்கலாக, எஃப்ஐ (எரிபொருளை ஊசிமுனை வழியாகப் பீய்ச்சும் முறை) வண்டிகள்தான். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலையைவிட்டு வெளியே வரும் வண்டிகளும் அவைதான். அந்த ஆலைகளுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஓட்டுவதும் பெரும்பாலும் அவைதான். இவற்றில் வெளியிலிருந்து திருகக்கூடிய மிக்சர் திருகாணி அநேகமாகக் கிடையாது. கலவை கெட்டுப்போனதாகத் தோன்றும்போது, கெட்டுப்போனது வேறு ஏதோ ஒன்று.

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் ஈசியூவுக்கு (எஞ்சினின் கணினிப் பெட்டிக்கு) சொல்கின்றன. அது கணக்குப் போட்டு, இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் முனை) எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்வது சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; ஈசியூ சற்றுக் கூட்டும். மிஞ்சவில்லை என்றால் குறைக்கும். சீரான வேகத்தில் போகும்போது இந்தக் கூட்டலும் குறைத்தலும் ஓயாமல் நடக்கின்றன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போதும் மட்டும் ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. தன் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்தே பீய்ச்சும்.

ஆக, ஒரு சென்சார் பொய் சொன்னால் ஈசியூ அந்தப் பொய்யை நம்பித் தவறாகத் திருத்தும். இங்கு அதிகம் காணக் கிடைக்கும் உதாரணம் சைலன்சர் கேஸ்கெட். எஞ்சினில் ஏதோ வேலைக்காகச் சைலன்சரைக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது நசுங்கிய பழைய கேஸ்கெட்டையே போட்டுவிடுகிறார்கள். எஞ்சினும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சற்றுத் தள்ளியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைத் தொடுகிறது. 'ஆக்சிஜன் மிஞ்சுகிறது' என்று சென்சார் சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறையும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். மூட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கரிக்கோடு படிந்திருந்தால் ஒழுக்கு அங்கேதான். புது கேஸ்கெட்டின் விலை, 'டியூனிங்' என்ற பெயரில் கேட்கப்படும் தொகையில் சிறு பகுதிதான்.

இரண்டாவது, எஞ்சின் வெப்பத்தை அளக்கும் சென்சார். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகம், சூடேறினால் குறையும். மழையில் நனைந்து கனெக்டரில் பச்சை பூத்துவிட்டால் மின்தடை கூடி, கொதிக்கும் எஞ்சினைக்கூட 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று அது காட்டும். சோக்கைப் போட்டபடியே வண்டி ஓட்டுவதற்கு இது சமம். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

அறிகுறிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பெட்ரோல் மிகுந்த கலவை (ரிச்) என்றால் சைலன்சர் முனை ஈரக்கரியாகக் கறுக்கும், புகையில் பெட்ரோல் வாடை வரும், பிளக்கில் கறுப்புத் தூள் படியும், சூடான எஞ்சின் மறுபடி கிளம்பத் தயங்கும். பெட்ரோல் குறைந்த கலவை (லீன்) என்றால் முறுக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும், ஐடிலிங் ஏறி இறங்கும், எஞ்சின் வழக்கத்தைவிட அதிகம் சூடேறும். காற்று நுழையும் ரப்பர் குழாயில் விரிசல், பெட்ரோல் பம்பில் அழுத்தக் குறைவு, அடைத்த இன்ஜெக்டர் ஆகியவை இரண்டாவது வகைக்குக் காரணம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும். ஆனால் கார்புரேட்டர் வண்டி போல உடனே கரும்புகை வராது. காற்றழுத்தச் சென்சார் உள்ள வண்டிகளில் ஈசியூ பெட்ரோலையும் சேர்த்தே குறைத்துவிடுவதால் பிக்கப் மட்டும் மெல்ல மெல்லச் சாகும். எனவே சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்குக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

மைலேஜ் குறைந்தது என்றாலே கலவைதான் என்று முடிவு கட்ட வேண்டாம். டயர் காற்று, செயின் இறுக்கம், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். மீட்டரில் தெரியும் மைலேஜை நம்பாமல், டேங்கை நிரப்பி, வழக்கமான பாதையில் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு ஏற்பச் சீரமைத்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கூறுகிறது. இ20க்குத் தேவையான காற்று விகிதமும் 13.5 அளவுக்கு இறங்கிவிடும்; ஆக்சிஜன் சென்சார் நன்றாக இருந்தால் ஈசியூ தானாகவே அதற்கேற்ப மாறிக்கொள்ளும். ஆகவே 50 கொடுத்த வண்டி 48 கொடுத்தால் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. 38க்கு இறங்கியிருந்தால் போய்த்தான் ஆக வேண்டும்.

இனி எச்சரிக்கை. மிக்சர் திருகாணி இல்லாத வண்டியில் சிலர் வேறொரு திருகாணியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். திராட்டில் பாடியில் (காற்று நுழையும் மடல் உள்ள பகுதியில்) பெயின்ட் வைத்து முத்திரையிட்ட சிறு திருகாணி ஒன்று இருக்கும். மடல் எந்த அளவு மூடிய நிலையில் நிற்க வேண்டும் என்பதை ஆலையிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். ஐடிலிங் நிற்கவில்லை என்று அதைத் திருகினால் வண்டி அப்போதைக்கு நன்றாக நிற்கும். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போய்விடுவார். ஆனால் மடல் முழுதாக மூடியிருக்கிறது என்பதை ஈசியூவால் இனி உணர முடியாது. ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோலை அறவே நிறுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. அது வேலை செய்யாமல் போகும். மைலேஜைக் கூட்டத் திருகிய திருகாணி மைலேஜைத் தின்னத் தொடங்கும். அந்தப் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று உங்கள் வண்டியில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலிங் பெரும்பாலும் கெடுவது மடலைச் சுற்றிப் படியும் கரியால்தான். அதைத் துடைத்துவிட்டு, உங்கள் மாடலுக்குரிய முறைப்படி ஈசியூவுக்கு ஐடிலிங்கை மறுபடி கற்றுத்தரச் சொன்னால் போதும்.

டேங்கில் பூச்சி உருண்டை போடுவது, மண்ணெண்ணெய் கலப்பது, ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு ரெசிஸ்டரைச் செருகுவது எல்லாம் பணத்தையும் எஞ்சினையும் சேர்த்துக் கெடுக்கும் வழிகள். சைலன்சர் மூட்டில் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசுவதும் கூடாது. அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைச் சிறுகச் சிறுகக் குருடாக்கும்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பல வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இருப்பதும் டேங்கின் அடியில்தான். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் செல்ஃப் அடித்துப் பார்க்கவே வேண்டாம். டேங்கைக் காலிசெய்து புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். சாதாரண நாட்களில் சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி 'ங்ங்' என்று கேட்கும் முனகல் இந்தப் பம்பின் சத்தம். அது முடிந்தபின் செல்ஃபை அழுத்துங்கள். பம்பைக் குளிர வைப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான் என்பதால் ரிசர்வில் வெகுதூரம் ஓட்டுவதைத் தவிருங்கள்.

கலவையை உண்மையிலேயே மாற்ற வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் வேறு வகைக்கு மாற்றினால் முழு ஆக்சிலேட்டரில் கலவை லீனாகப் போகக்கூடும். அதற்கு ஈசியூவின் அட்டவணையைத் திருத்த வேண்டும், அல்லது துணைப்பெட்டி (பிக்கிபேக்) பொருத்த வேண்டும். காற்று விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, டைனோவில் (உருளைமேல் ஓடவிட்டு இழுவையை அளக்கும் மேடையில்) செய்ய வேண்டிய வேலை அது. காதால் கேட்டுச் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். புகையளவை மாற்றும் திருத்தங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தோடு மோதும், வாரண்டியும் போகும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். ஏதோ ஒரு சென்சாரைச் சந்தேகித்து, ஈசியூ மாற்று அளவுகளை வைத்து ஓட்டுகிறது என்று அதற்குப் பொருள். எஞ்சின் சீராக ஓடினால் ஷிஃப்டை முடித்துவிட்டு, மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். மிஸ்ஸிங் இருந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பகுதியை) தீய்த்துவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சில மாடல்களில் பழுதுக் குறியீடு அழிந்துபோய், மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியிருக்கும். ஸ்கேனரை மாட்டியதும் முதலில் அந்தக் குறியீட்டை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அதை அழிப்பது அதற்குப் பிறகுதான்.