பிக்கப் என்றால் பத்திரமா, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஊதாரித்தனமா?

கலிஃபோர்னியாவில் டிரேசி, மவுன்டன் ஹவுஸ் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு சான் ஹோசேயில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். தமிழர்களும் அவர்களில் உண்டு. அல்டமான்ட் கணவாயைத் தாண்டி, ஒரு வழிக்கே ஏறத்தாழ 50 மைல். இந்த ஓட்டத்துக்கு மனம் கேட்கும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதா, ஊரெல்லாம் ஓட்டும் பிக்கப் டிரக்கை வாங்குவதா என்று விசாரித்தால் வந்து குவியும் அறிவுரைகளில் பலவும் தவறானவை.

நம்பிக்கை: ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும்.

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. மாஸ்டா மியாட்டாவின் எடை சுமார் 1,060 கிலோதான். நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து கேலனுக்கு 29 மைல் என்கிறது அமெரிக்க அரசின் மதிப்பீடு. வி-8 எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட ஃபோர்டு எஃப்-150 சுமார் 19 மைல் தரும். ஆண்டுக்கு 24,000 மைல் ஓட்டுபவருக்கு வித்தியாசம் 430 கேலனுக்கு மேல், அதாவது 1,600 லிட்டரைத் தாண்டும். 2014 மாடல் கார்வெட் ஸ்டிங்ரேயில் 6.2 லிட்டர் எஞ்சின். ஆனாலும் கையால் கியர் மாற்றும் வகை நெடுஞ்சாலையில் 29 மைல் தந்தது. காற்றைக் கிழித்துப் போகும் தாழ்ந்த உடல், எஞ்சினை மெல்லச் சுழலவிடும் மேல் கியர், சுமை குறையும்போது எட்டில் நான்கு சிலிண்டரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஆகியவையே காரணம். அதே கார் நகர நெரிசலில் 17-க்கு இறங்கிவிடும். ஆகவே உங்கள் பாதையில் ஓட்டம் எவ்வளவு, ஊர்தல் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். பிரீமியம் பெட்ரோல் கேட்கும் கார் என்றால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பிக்கப்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15,000 மைல் ஓட்டத்தில், 15 மைல் தரும் வண்டியிலிருந்து 20 தரும் வண்டிக்கு மாறினால் 250 கேலன் மிச்சம். 30-லிருந்து 40-க்கு மாறினால் மிச்சம் 125 மட்டுமே. எஞ்சினைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் டிரக்குக்காரருக்குத்தான் லாபம் அதிகம். 2013 மாடல் முதல் புதிய வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் இருக்கிறது. ஒப்பிட உதவும் எண் அதுதான்.

நம்பிக்கை: பெரிய வண்டிதான் பத்திரம்.

இதில் பாதி உண்மை. மியாட்டா போன்ற சிறிய கார் இரண்டு டன் டிரக்கோடு மோதினால், காரில் இருப்பவருக்கே ஆபத்து அதிகம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் யாருக்குப் பத்திரம் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நெடுஞ்சாலை முடிந்ததும் வண்டி பள்ளிக்கூடத் தெருவுக்குள்தான் நுழைகிறது. ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரிகளின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு, சரிந்த தாழ்வான முகமுள்ள கார்களைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம். சுமை ஏற்றும் தேவையே இல்லாதவர், ‘என் குடும்பம் பத்திரமாக இருக்கட்டும்’ என்று அப்படியொரு வண்டியை வாங்கும்போது, தெருவில் நடக்கும் அடுத்த வீட்டுக் குழந்தையையும் நினைக்க வேண்டும். இது எனக்கு மைலேஜைவிடப் பெரிய விஷயம்.

நம்பிக்கை: டிரக்கின் பின்கதவைத் திறந்துபோட்டால் மைலேஜ் கூடும்.

கூடாது. மூடியிருந்தால் பின்னாலுள்ள சுமைத் தொட்டிக்குள் காற்று சுழன்று தங்கிவிடும். மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போகும்.

நம்பிக்கை: கையால் கியர் மாற்றினால்தான் சிக்கனம்.

அந்தக் காலம் போய்விட்டது. மியாட்டாவிலேயே ஆட்டோமேட்டிக்குக்கு நெடுஞ்சாலையில் 35 மைல், மற்றதற்கு 34. நெரிசலில் இடது காலுக்கும் ஓய்வு.

நம்பிக்கை: ஸ்போர்ட்ஸ் கார் முதுகை ஒடிக்கும், டிரக் சொகுசு.

உயரமான இருக்கையில் ஏறி இறங்குவது மூட்டுவலிக்காரருக்குச் சுலபம்தான். ஆனால் எஃப்-150-இன் பின்பக்கம் இருப்பது சுமை தாங்க வைத்த பட்டை வில். தொட்டி காலியாக இருந்தால் கான்கிரீட் சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் துள்ளும். ராம் 1500 வண்டியில் 2009 மாடல் முதல் சுருள் வில் என்பதால் அது மெத்தென்று போகும். விற்பனையாளர் அழைத்துப்போகும் பத்து நிமிடச் சுற்றில் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகும் நேரத்தில், காலித் தொட்டியோடு ஓட்டிப் பாருங்கள்.