களத்தில் கிடக்கும் வெங்காயம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

விலை விழுந்துவிட்டதால் களத்தில் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கிறது, மாடுகளுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. தீவனச் செலவு மிச்சமாகுமே என்ற உன் கணக்கு புரிகிறது; மாடும் ஆசையாகத்தான் தின்னும்.

வெங்காயத்தில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைக் கெடுக்கும். கெட்டது சிறு துகள்களாகத் திரண்டு அணுவுக்குள் ஒட்டிக்கொள்ளும். 1890இல் அவற்றை விவரித்த ராபர்ட் ஹெய்ன்ஸின் பெயரால் ஹெய்ன்ஸ் துகள்கள் என்கிறோம். அந்த அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடையும். உடைந்து கொட்டும் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகும் வழியில் அங்குள்ள நுண்குழல்களைச் சேதப்படுத்தும். ரத்தத்தில் தொடங்கிய கேடு சிறுநீரகம் வரை போவது இப்படித்தான்.

நான் பயப்படுவது நாள் கணக்கை நினைத்து. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் தீனி குறையும், நடை தள்ளாடும், மூச்சு வாங்கும், மூத்திரம் காப்பி டிகாஷன் நிறத்தில் போகும். அதற்குள் வெங்காயம் போட்டதே வீட்டில் மறந்திருக்கும். மூத்திரம் சிவந்தாலே உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் தோன்றும், கால்நடை மருத்துவர்களான எங்களுக்கும்கூட. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் முந்தைய வாரம் முழுக்க மாடு என்ன தின்றது என்று நீயே சொல். கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்து வை. இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. வெங்காயத்தை நிறுத்த வேண்டும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், முற்றிய நிலையில் வேறு மாட்டின் ரத்தம் ஏற்ற வேண்டும்.

தீவனத்தின் உலர் எடையில் கால் பங்குக்குள் நன்றாகக் கலந்து கொடுத்தால் மாடு தாங்கும் என்று வரம்பு சொல்வார்கள். ஈர வெங்காயத்தின் உலர் எடையை யார் கொட்டகையில் கணக்குப் பார்ப்பது? போதாததற்குப் பாலிலும் வாடை ஏறும். செம்மறியும் வெள்ளாடும் மாட்டைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். அதற்காக அவற்றைக் குவியல்மேல் விட்டுவிடாதே.

உன் நாய்க்குச் சாம்பார் சோறு வைக்கிறாயே, அதையும் நிறுத்து. வெங்காயத்தை வேகவைத்தாலும் நஞ்சு போகாது. நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராமிலேயே ரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். பூனைக்கு 5 கிராமே போதும். பூண்டும் அதே இனம்தான்.

கட்டு அவிழ்ந்த மாடு இரவில் நேராகக் களத்துக்குத்தான் போகும். இன்றைக்கே குவியலைச் சுற்றிப் படல் கட்டச் சொல். விற்க முடியாததைக் குழி வெட்டி எருவாக்கிவிடு.

அன்புடன்,
அத்தை