ஒரே வகுப்பறையில் நான்கு வகுப்புக் கணக்கு

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. ஆறாம் வகுப்பில் 34 பிள்ளைகள். பின்னக் கூட்டல் நடத்தப் போனால், பத்துப் பேருக்கு வகுத்தலே தடுமாறுகிறது. நாலைந்து பேர் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியில் 10 கணினிகள் உண்டு. நெட் வரும், போகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். 34 பேருக்கு நான் ஒருத்தி அதை எப்படிச் செய்வது? காசு கொடுத்து ஏதாவது செயலி வாங்கலாமா?
— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்களால் முடியும். ஆனால் செயலியை இப்போது வாங்காதீர்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் கணினிக்கு வேலை. பயிற்சிக் கணக்குகளைக் கணினி கொடுக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் தடுமாறும் பிள்ளைகளோடு உட்காருங்கள். இந்த வேலைப் பிரிவினை சரியாக அமைந்தால் 10 கணினிகளே போதும்.

உங்கள் வகுப்பின் நிலைமை உங்கள் குறை அல்ல. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் டெல்லியில் 619 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக 2.5 வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி 4.5 வகுப்பாகியிருந்தது. ஆறாம் வகுப்பில் கவனிக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஆண்டு விரியும் இடைவெளி இது. அதனால்தான் உங்கள் கேள்வி எனக்கு அவசரமானதாகத் தெரிகிறது.

அந்த ஆய்வில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தினார்கள். பிள்ளையின் விடையைப் பார்த்து அடுத்த கணக்கின் நிலையை அதுவே மாற்றிக்கொள்ளும். 90 நிமிடத்தில் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக உதவியாளரிடம் பாடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. தங்கள் இயல்பான வேகத்தோடு ஒப்பிட்டால் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே அதிகம் பயன் பெற்றார்கள். ஆனால் பள்ளியின் கணக்குத் தேர்வில் அந்த முன்னேற்றம் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து நான்காம் வகுப்புக் கணக்குக்கு ஏறிய பிள்ளையை ஆறாம் வகுப்பு வினாத்தாளால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. பெருவில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த பெரிய திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணக்கிலும் மொழியிலும் மாற்றம் காணவில்லை. குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வில், ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் கற்றல் குறைந்தது. அதே மென்பொருளைக் கூடுதல் நேரமாகக் கொடுத்த இடத்தில் கூடியது. ஆகவே நீங்கள் விளக்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள். கரும்பலகையில் உள்ள கணக்கைப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் நேரம் இருக்கிறதே, அதைக் கணினிக்குக் கொடுங்கள்.

முதல் வேலை, ஒரு தாளில் 10 கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல், வகுத்தல், சமான பின்னம், வேற்றினப் பின்னக் கூட்டல் ஒவ்வொன்றிலும் இரண்டு. மதிப்பெண் போட வேண்டாம். தவறு எப்படி நேர்ந்தது என்று மட்டும் பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளை தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டுகிறது; அதற்குப் பின்னம் என்பது ஒரே எண்ணாக இன்னும் தெரியவில்லை. 1/6 + 1/6 என்று எழுதிய பிள்ளைக்கு மீ.சி.ம. தெரியும், தொகுதியை மாற்ற மறந்துவிட்டது. 618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதிய பிள்ளைக்கு வகுத்தல் தெரியும், இட மதிப்பில்தான் சிக்கல். பல செயலிகள் இந்த மூவருக்கும் ‘தவறு’ என்ற ஒரே பதிலைத்தான் சொல்லும். மூவருக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு என்பதை நீங்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவீர்கள்.

பிறகு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர்களை எழுதி, எந்தத் திறன் வந்துவிட்டது, எது வரவில்லை என்று குறித்துவையுங்கள். அதிலிருந்து குழுக்கள் பிறக்கும். குழுவுக்குப் பிள்ளையின் தரத்தைப் பெயராக வைக்காதீர்கள். ‘வகுத்தல் குழு’, ‘சமான பின்னக் குழு’ என்று பாடப் பகுதியின் பெயரை வையுங்கள். அந்தத் திறன் கைவந்ததும் பிள்ளை குழு மாற வேண்டும். ஒரே குழுவில் ஒரு பருவம் முழுக்க உட்காரவைத்தால், ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதுதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஆனால் அப்படிப் படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தொடக்க வகுப்பு ஆசிரியர்களிடம் பேசுங்கள். பாதிப் பிள்ளைகளின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி கால அட்டவணை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். கணினிக்கு இருவராக 20 பேர் உட்காரட்டும். வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு கணினியாக, வாரத்துக்கு 2 மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் ஆடியே நன்றாக முன்னேறினார்கள் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அருகருகே உள்ள நிலைப் பிள்ளைகளை இணை சேருங்கள். ஒருவர் மௌஸைப் பிடிக்கும்போது மற்றவர் நோட்டில் கணக்கைப் போட வேண்டும். ஐந்து கணக்குக்கு ஒரு முறை மாறட்டும். மீதி 14 பேரில் ஏழு பேர் அதே அறையில் உங்களைச் சுற்றி உட்காரட்டும். ஏழு பேர் பயிற்சித் தாள் போடட்டும். அடுத்த வேளையில் சுழற்றுங்கள். வகுத்தல் குழு மட்டும் வாரத்தில் ஒரு முறையாவது உங்கள் பக்கத்தில் வந்தாக வேண்டும்.

கணினியில் எதைப் போடுவது? மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையம் இல்லாமல் ஓடுமா? பாடநூலின் தமிழ்ச் சொற்களே வருகின்றனவா? பிள்ளை தடுமாறினால் கீழ் வகுப்புக் கணக்குக்கு இறங்குமா? தமிழ்நாடு அரசின் மணற்கேணி செயலியின் பாடக் காணொளிகளுக்கும் பாடநூலின் கியூஆர் குறியீடுகளுக்கும் காசில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்களில் பின்னத்தைப் பிள்ளையே கூறு போட்டுப் பார்க்கலாம். அவற்றைப் பதிவிறக்கிவைத்தால் நெட் தேவையில்லை. இவை பாடத்தைக் காட்டும். பிள்ளையின் நிலையறிந்து தாமாக மாறா. அந்த வேலையை உங்கள் நோட்டு செய்யும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘வேற்றினப் பின்னக் கூட்டலில் எளிதிலிருந்து கடினத்துக்கு 20 கணக்கு கொடு’ என்று கேட்டுப் பயிற்சித் தாள் தயாரிக்கலாம். ஒவ்வொரு விடையையும் நீங்கள் போட்டுப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். பிள்ளைகளின் பெயர், படம், மதிப்பெண் எதையும் அதில் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

விடையை முந்திச் சொல்லும் நாலைந்து பேரை அடுத்த வகுப்புப் பாடத்துக்குத் தள்ளாதீர்கள். எப்போதும் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் உட்காரவைக்காதீர்கள். ‘கூட்டினால் 1 வரும் மூன்று வேற்றினப் பின்னங்களை எத்தனை விதமாகக் கண்டுபிடிக்கலாம்?’ என்று கேளுங்கள். அவர்களும் உங்களிடம் படிக்க வந்தவர்கள்.

வீட்டு ஃபோனை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரே ஃபோன் உள்ள வீட்டில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அது அண்ணனைத் தாண்டித் தங்கைக்குக் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பள்ளிக்குள் நடப்பதுதான் 34 பேருக்கும் சமமாகக் கிடைக்கும்.

வரும் திங்களன்று அந்த 10 கணக்குத் தாளைக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வகைக் கணக்குகளை வேறு எண்களோடு கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பழைய தாளோடு மட்டும் ஒப்பிடுங்கள். பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதா என்ற முடிவை அன்றைக்கு எடுங்கள். அது எதைச் செய்ய வேண்டும் என்று விற்பவரிடம் கேட்கும் நிலையில் அப்போது நீங்கள் இருப்பீர்கள்.