கம்ப்யூட்டர் படுத்தால் பிட்காயின் போய்விடுமா?

மூன்றாமாண்டு, கணிப்பொறியியல் துறை



"கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகுது, ஃபார்மேட் பண்ணிக் கொடுத்துடுங்க." ரிப்பேர் கடைகளில் தினமும் கேட்கும் வாக்கியம் இது. சாதாரணமாக இதனால் போவது நாலு சினிமாப் பாட்டும் பத்து போட்டோவும்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பிட்காயின் வாலட் இருந்தால்? அரை மணி நேர வேலையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே காணாமல் போகலாம். பாஸ்புக் தொலைந்தால் பாங்க் மானேஜரைப் பார்த்து வேறு வாங்கலாம். பிட்காயினுக்கு மானேஜர் கிடையாது. எனவே டிப்ளமோ முடித்து சர்வீஸ் வேலைக்குப் போகும் நாம், எதில் முதலில் கை வைப்பது, எதில் வைக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசு எங்கே இருக்கிறது?

2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது பிட்காயின். இதில் காசு உங்கள் கம்ப்யூட்டருக்குள் இல்லை. யாருக்கு எவ்வளவு என்ற பேரேடு, அதாவது பிளாக்செயின், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நகலாக இருக்கிறது. உங்களிடம் இருப்பது சாவி மட்டுமே. அந்தச் சாவி 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். அவ்வளவுதான்!

உதாரணத்துக்கு பிட்காயின் கோர் என்ற வாலட்டை எடுத்துக்கொள்வோம். இதன் டேட்டா ஃபோல்டரில் முக்கியமானவை மூன்று.

பிளாக்ஸ்: முழுப் பேரேடு. 600 ஜி.பி.க்கும் மேல்.
செயின்ஸ்டேட்: இதுவரை செலவழிக்கப்படாமல் இருக்கும் தொகைகளின் பட்டியல்.
வாலட்.டேட்: உங்கள் சாவிகள். பெரும்பாலும் சில எம்.பி.தான்.

முதல் இரண்டும் கெட்டால் நெட்டிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது கெட்டு, பேக்கப்பும் இல்லையென்றால் போனது போனதுதான். யானை மாதிரி இருப்பது மலிவு, எலி மாதிரி இருப்பது உயிர்! பிரிட்டனின் நியூபோர்ட் நகரில் 2013-ல் குப்பைக்குப் போன ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அதன் சொந்தக்காரர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசு இன்னும் பேரேட்டில் பத்திரமாக இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

கிராஷ் ஆனால் ஏன் கெடுகிறது?

கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரவையும் உடனே பேரேட்டில் ஏற்றமாட்டார். துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, சாயங்காலம் மொத்தமாக ஏற்றுவார். புரோகிராமும் அப்படித்தான். மாற்றங்களை ரேமில் சேர்த்துவைத்து, பிறகு டிஸ்க்கில் எழுதுகிறது. எழுதும் நடுவில் கரண்ட் போனால்? பாதி வரி ஏறியிருக்கும், மீதி இருக்காது. ஒரு தடவை நடந்தால் பெரும்பாலும் புரோகிராம் தானே சமாளித்துக்கொள்ளும். தினமும் நடந்தால் ஒருநாள் "பிளாக் டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை, புதிதாகக் கட்டட்டுமா?" என்று கேட்கும். உடனே சரி என்று அழுத்திவிடலாமா? பொறுங்கள். வரிசை முக்கியம்.

1. முதலில் நிறுத்து

"இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள். ஒவ்வொரு கிராஷும் வாலட் கோப்புக்கு இன்னொரு கண்டம்.

2. சாவியைக் காப்பி எடு

புரோகிராம் முழுதாக மூடியபின் வாலட் ஃபோல்டரை அப்படியே இரண்டு பென் டிரைவில் எடுங்கள். பக்கத்தில் ஜர்னல் என்று முடியும் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய அது தேவைப்படும். மெஷின் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல மெஷினில் மாட்டிக் காப்பி எடுங்கள். வாலட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால், அது தெரியாமல் காப்பி இருந்தும் பயனில்லை.

3. நோயைக் கண்டுபிடி

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மருந்து கொடுப்பவர்களே அதிகம். இந்த புரோகிராம் பேரேட்டைச் சரிபார்க்கும்போது பிராசஸர், ரேம், டிஸ்க் மூன்றையும் கடுமையாக வேலை வாங்கும். மற்ற நேரம் தெரியாத கோளாறு அப்போது வெளியே வரும். டீபக்.லாக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம் அல்லது சூடு என்று சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். சூட்டுக்கு ஃபேன் தூசி, தெர்மல் பேஸ்ட் இரண்டையும் கவனியுங்கள். டிஸ்க்குக்கு ஸ்மார்ட் ரிப்போர்ட் பாருங்கள். வெளி டிஸ்க் என்றால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். இரண்டையும் மறக்க வேண்டாம். ஆன்ட்டிவைரஸும் குற்றவாளியாகலாம். 2014 மே மாதம், பேரேட்டுக்குள் யாரோ பழைய ஸ்டோன்ட் வைரஸின் அடையாளத்தை எழுதிவைக்க, ஓர் ஆன்ட்டிவைரஸ் அதை நிஜ வைரஸ் என்று பிடித்தது!

4. பிறகுதான் மருந்து

பிளாக்ஸ் நன்றாக இருந்தால் ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட் போதும். அதுவும் கெட்டிருந்தால் முழு ரீஇண்டெக்ஸ். மெஷினைப் பொறுத்து மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஓடும். இடம் மிச்சம் பிடிக்க புரூன் வைத்திருந்தால் மொத்தப் பேரேட்டையும் மறுபடி இறக்க வேண்டிவரும். முடியும்வரை பாக்கி பூஜ்யம் என்றுகூடக் காட்டலாம். பயப்படாதீங்க. சாவி இருந்தால் காசு இருக்கிறது. பூஜ்யத்தைப் பார்த்துப் பதறி, ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் ஆபத்து. வாலட்.டேட்டும் அதற்குள்தானே இருக்கிறது!

5. வாலட் கோப்பே கெட்டிருந்தால்

மூலத்தில் கை வைக்காதீர்கள். சோதனையெல்லாம் காப்பியில்தான். நல்ல பேக்கப் இருந்தால் அதை வைத்து, ரீஸ்கேன் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: 2016-க்கு முந்தைய பதிப்புகளில் உருவான வாலட்டின் பேக்கப்பில் முன்கூட்டி எடுத்துவைத்த சாவிகள் வழக்கமாக 100-தான். அதற்குப்பின் வாங்கிய முகவரிகளின் சாவி பழைய பேக்கப்பில் இருக்காது.

எலெக்ட்ரம் போன்ற வாலட்களில் வேலை இன்னும் சுலபம். 12 சொற்களைத் தாளில் எழுதிவைத்திருந்தால் வேறு மெஷினில் அவற்றைத் தட்டியே வாலட்டை மீட்கலாம். ஆனால் 2018 டிசம்பரில், "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்ற போலிச் செய்தியை எலெக்ட்ரத்துக்குள்ளேயே காட்டித் திருடர்கள் பலரை ஏமாற்றினார்கள். உதவி செய்கிறேன் என்று அந்தச் சொற்களைக் கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நமக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் சாவியை நம் பென் டிரைவில் எடுக்கக்கூடாது. அவருடைய பென் டிரைவில், அவர் கண் முன்னால் எடுத்து, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நம் நாணயமும் அதில்தான் இருக்கிறது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இங்கே சுவர் அந்தச் சின்னக் கோப்பு. முதலில் அதைக் காப்பாற்றுங்கள். மெஷினைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.