மாத்திரை போட்ட மாதம் தேதி மாறும்

வெள்ளகோவில் பக்கம் தறிக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள் மாத்திரை என்று சொன்னால், எந்த மாத்திரை என்று கேட்டாக வேண்டும். நோம்பிக்கும் கோயில் விசேஷத்துக்கும் தூரத்தை, அதாவது மாதவிலக்கை, தள்ளிப்போட ஒன்று இருக்கிறது. வயிற்றுவலியோடு ஷிப்டை ஓட்ட ஒன்று இருக்கிறது. கருவைக் கலைக்கவென்று யாருக்கும் தெரியாமல் வாங்குவது இன்னொன்று. உறவுக்குப் பின் கரு தங்காமல் இருக்கப் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை இந்த மூன்றிலும் சேராது. அது தனி.

ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு, ஆணுறை கிழிந்துபோன ஒரு சமயத்தில் நானும் அதைப் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் கூட வேலை செய்கிற பெண்கள் சந்தேகம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். சிலரை நர்ஸம்மாவிடம் அழைத்துப் போனேன். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் உடம்பில் பார்த்ததையும் இங்கே சொல்கிறேன்.

தேதி ஏன் நகர்கிறது

பெண்கள் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, மாத்திரை போட்டேனுங்க, இன்னும் தூரமாகல. கருப்பை கெட்டுப் போயிருக்குமுங்களா?"

நர்ஸம்மா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "அதெல்லாம் கெடாது கண்ணு. தேதிதான் நகரும். என்னைக்குப் போட்டே, அதை முதல்ல சொல்லு."

அந்த மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வருவதை அது தள்ளிப்போடுகிறது. முட்டை வந்து ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். முட்டை தாமதமானால் மாதவிலக்கும் தாமதமாகும். மாதவிலக்குச் சுற்றின் தொடக்கத்திலேயே போட்டவர்களுக்கு, ஏறிய ஹார்மோன் இறங்கும்போது ரத்தப்போக்கு முன்கூட்டியே வந்துவிடுவதும் உண்டு. எனக்கு அப்படித்தான் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் போனது. அடுத்த மாதம் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது.

ஒரு வாரம் முன்னே பின்னே வருவது இயல்பு. மார்பு கனப்பது, குமட்டல், தலைவலி, அசதி எல்லாம் ஓரிரு நாளில் அடங்கிவிடும். பின்னால் பிள்ளை பெறுவதற்கு இந்த மாத்திரை தடையாக இருக்காது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்கவும் கலைக்காது.

சொட்டு ரத்தத்தை நம்பாதீர்கள்

மாத்திரை போட்ட சில நாளில் லேசாக ரத்தம் படலாம். அதைத் தூரமாகிவிட்டது என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கரு தங்கிய ஆரம்பத்திலும் சிலருக்கு இப்படிப் படும். எதிர்பார்த்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் வழக்கமான போக்கு வரவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். தேதியே சரியாகத் தெரியாதவர்கள், மாத்திரை போட்டு 3 வாரம் ஆனதும் பார்க்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

சீக்கிரம் போடுங்கள்

உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. முட்டை வெளியேறிவிட்ட பிறகு இதனால் பயனில்லை. போட்ட ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டியிருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் பலன் குறையும். முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். 5 நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது மாத்திரையைவிட நிச்சயமானது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கலாம் என்று 2005-லேயே அனுமதி வந்தும், தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் வைப்பதில்லை. நானும் கேட்டுப் பார்த்து இல்லை என்ற பதிலோடுதான் திரும்பினேன். கடை கடையாக அலைந்து நேரத்தை விடாதீர்கள். அரசின் குடும்ப நலத் திட்டத்தில் 'ஈசி பில்' என்ற பெயரில் இது இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலிக்கென்று பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது அதில் வெளியே வந்தது. தூரம் முறைதவறிப் போனதாகவும் பெண்கள் சொல்லியிருந்தார்கள். நைட் ஷிப்டும் சோர்வும் தேதியைக் குலைக்கும். இதற்கு மேல் என்ன மாத்திரை என்றே தெரியாமல் விழுங்கினால், தேதி எதனால் மாறியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

அதனால் எந்த மாத்திரையானாலும் அட்டையில் பெயரைப் பாருங்கள். போட்ட தேதியையும் அதற்கு முந்தைய தூரத்தின் முதல் நாளையும் போனிலோ காலண்டரிலோ குறித்து வையுங்கள். விசேஷத்துக்குத் தள்ளிப்போடும் மாத்திரை நோரெதிஸ்டிரோன். அதைக் கருத்தடைக்கு நம்பக் கூடாது.

மீதி மாதம் கவனம்

முட்டை தள்ளிப்போயிருக்கிறதே தவிர, வராமல் போகவில்லை. அந்த மாதத்தில் பாதுகாப்பான நாள் என்ற கணக்கு செல்லாது. அடுத்த தூரம் வரும்வரை ஆணுறை அவசியம். மாதாமாதம் இதையே போட்டால் சுற்று குழம்பிக்கொண்டே இருக்கும். கரு தங்கும் வாய்ப்பும் மற்ற முறைகளைவிட அதிகம். காப்பர் டி, தினசரி மாத்திரை, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாமே அரசு வழியாகக் கிடைக்கின்றன. நான் காப்பர் டி போட்டுக்கொண்டேன். அதைப் பற்றிப் பேசியபோது கணவரும் கூட இருந்தது நல்லதாகப் போயிற்று.

கரு தங்கிவிட்டால்

பரிசோதனையில் கரு என்று வந்து, அது வேண்டாம் என்று முடிவெடுத்தால் நீங்களாகவே கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 2021-ல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கருக்கலைப்பு செய்துகொள்ளலாம்; பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

மில் விடுதிகளில் இருக்கும் தங்கச்சிகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேட்க வெட்கப்பட்டு வீணாக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மாத்திரையின் பலனைக் குறைக்கிறது. கழுத்தில் தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், கூடவே வர என்னைப் போல ஒரு அக்கா உங்கள் ஷிப்டிலும் இருப்பாள்.