எலும்பைத் துளைக்கும்போது அப்பா விழித்திருப்பாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. காது மெஷின் மாட்டியும் பேச்சு விளங்குவதில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம், இதயம் பலவீனமாக இருப்பதால் முழு மயக்கம் கொடுக்காமல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யலாம் என்கிறார் டாக்டர். காது கேட்கிறதா என்று நடுவில் சோதிக்கத்தான் விழித்திருக்கச் சொல்கிறார்களா? எலும்பைத் துளைத்தால் வலிக்காதா?

- வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் சந்தேகம் பலருக்கும் வருவதுதான். அதில் பாதி உண்மையும் உண்டு. 1952இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் என்ற காது மருத்துவர், ஊசி மட்டும் போட்ட நோயாளி ஒருவரின் அங்கவடி எலும்பை (நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளில் கடைசி) இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இறுகியிருந்த எலும்பு அசைந்துவிட்டது. படுத்திருந்தவருக்கு அங்கேயே காது கேட்டது! அந்த வகை அறுவைக்கு நோயாளி விழித்திருப்பது நிஜமாகவே உதவும்.

இம்ப்ளான்ட் கதை வேறு. அறுவை நாளன்று பொருத்துவது உள்பகுதியை மட்டும். ஒலியை வாங்கி அனுப்பும் வெளிக்கருவியைப் புண் ஆறிய பிறகு, பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் மாட்டுவார்கள். நரம்பு மறுமொழி தருகிறதா என்பதை மின்துடிப்பு அனுப்பிக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். நோயாளி ஆழ்ந்து தூங்கினாலும் அது நடக்கும். உங்கள் அப்பாவுக்கு ஊசி போதும் என்பதற்குக் காரணம் காது அல்ல, இதயம். முழு மயக்கம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை. தெளிந்த பிறகு முதியவர்கள் சிலர் நாள்கணக்கில் குழம்பிப் போவதும் உண்டு.

இனி வலி. எலும்பில் வலி நரம்புகள் மிக நெருக்கமாக இருப்பது அதன்மேல் போர்த்திய பெரியாஸ்டியம் என்ற மெல்லிய சவ்வில்தான். தோலையும் அந்தச் சவ்வையும் லிக்னோகைன் ஊசியால் மரக்கச் செய்துவிட்டால், துளைப்பது அதிர்வாகத் தெரியுமே தவிர வலியாகத் தெரியாது. பல் டாக்டர் போடுகிற மருந்தும் பெரும்பாலும் அதுதான். இதோடு லேசான தூக்க மருந்தும் கொடுப்பது வழக்கம் என்பதால் அப்பா பாதி நேரம் கண்ணயர்ந்திருப்பார்.

நான் கவலைப்படுவது தலைசுற்றலைப் பற்றித்தான். இம்ப்ளான்ட்டின் மின்முனை நுழையும் காக்ளியா (நத்தை ஓடு போல் சுருண்ட உள்காதுப் பகுதி), உடல் நிலைகுலையாமல் காக்கும் உறுப்போடு ஒட்டியே இருக்கிறது. இரண்டிலும் உள்ள திரவம் தொடர்புடையது. அங்கே தொட்டால் அறையே சுழல்வது போலத் தோன்றலாம். துளைக்கும்போது ஊற்றும் நீர் குளிர்ந்திருந்தாலும் தலை சுற்றும். அதனால் அதை உடற்சூட்டில் வைத்திருப்பது நல்லது. எது நடந்தாலும் தலையை அசைக்கக் கூடாது. முகத்தசைகளை இயக்கும் முகநரம்பு, டாக்டர் துளைக்கும் பாதையை ஒட்டியே ஓடுகிறது. தீராத இருமலோ, மல்லாந்து படுக்க முடியாத முதுகுவலியோ இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அசையாமல் கிடக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான் வழி.

இன்னொன்றும் இருக்கிறது, வீட்டார் பெரும்பாலும் யோசிக்காதது. தியேட்டரில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். காது கேளாத உங்கள் அப்பாவால் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. மறுகாதில் மெஷின் இருக்கலாமா என்று கேளுங்கள். கையை ஒருமுறை அழுத்தினால் "அசையாதீர்கள்", இருமுறை அழுத்தினால் "முடியப்போகிறது" என்று மயக்க மருத்துவரும் அவரும் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளட்டும். வலித்தாலோ தலை சுற்றினாலோ அவர் எந்த விரலைத் தூக்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.