தசைவலி: அஞ்ச வேண்டாததும் அஞ்ச வேண்டியதும்

நெடுநாள் ஓய்வுக்குப் பின் கயிறிழுக்கும் போட்டியில் கலந்துகொண்டாலும், நிறைந்த பால்வாளியுடன் மேட்டிலிருந்து பன்முறை இறங்கினாலும், மறுநாளோ மூன்றாம் நாளோ தொடையும் தோளும் வலிப்பதை நாம் அறிவோம். பழக்கமில்லாத உழைப்பினால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளே இதற்குக் காரணம். உடல் அவற்றைத் தானே சீர்செய்துகொள்ளும். வலி 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் நீங்கிவிடும்.

அதுவரை படுத்தே கிடத்தல் வேண்டா. மெல்ல நடப்பது வலியைத் தணிக்கும். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். எண்ணெய் தடவி மென்மையாக நீவலாம், முரட்டுத்தனமாக அமுக்கலாகாது. போதிய நீர், பருப்பு, முட்டை, மீன், நல்லுறக்கம் ஆகியவை தசை தேற உதவும்.

ஆனால், கடும் வலியுடன் தசை வீங்கித் தளர்ந்து, சிறுநீர் பாலில்லாத் தேநீரைப் போல் கறுத்துக் காணப்பட்டால், 'உழைத்த வலிதானே' என்று வாளாவிருத்தல் கூடாது. சிதைந்த தசையினின்று இரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

ஒருமுறை பழகிய உழைப்பு மறுமுறை அத்துணை வலி தராது. ஆகவே, புதிய வேலையாயினும் விளையாட்டாயினும், சிறுகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவோம்.